ஃபின்லாந்துக்காரங்க நூறும் நம்ம சதமும்: 'ஸத'ங்கற வார்த்தை எங்கேருந்து வந்துச்சு?

அக்கா பொண்ணுக்கு ஆறு வயசு, ஹெல்சின்கி பக்கத்துல எஸ்போவுலதான் வளர்றா. ஒரு ஞாயித்துக்கிழமை வீடியோ கால்ல பாட்டிக்கு ஃபின்னிஷ்ல எண்ணிக் காட்றேன்னு உக்காந்தா. யுக்ஸி, கக்ஸி, கொல்மேன்னு ஆரம்பிச்சு இடையில விட்டு விட்டு சொல்லி, தொண்ணூத்தொம்பதுக்கு வர்றப்ப மூச்சு வாங்குது, ஏன்னா அது "யுஹ்தெக்ஸான்க்யும்மென்தாயுஹ்தெக்ஸான்"னு ஒரே வார்த்தை. அதை முடிச்சுட்டு ரெண்டு கையையும் தூக்கி "ஸத!"ன்னு கத்தினா பாருங்க, அடுப்படியிலேருந்து எங்கம்மா எட்டிப் பாத்து, "என்னடி, சதம்னா சொல்றா? நீ சொல்லிக்குடுத்தியா?"ன்னாங்க. அக்கா, "இல்லம்மா, இங்க நூறுக்குப் பேரே அதுதான்"னா.

அம்மா காதுல விழுந்தது சரிதான். அது ஏதோ தற்செயலா ஒரே மாதிரி ஒலிக்கற வார்த்தை இல்ல. கிரிக்கெட்ல சதம் அடிச்சார்னு சொல்றோமே அந்த சதமும், ஃபின்லாந்துல காய்கறிக் கடைக்காரர் சொல்ற ஸதவும் ஒரே வார்த்தைதான், ஒரே இடத்துலேருந்து கிளம்பி ஒண்ணு வடமேற்கா பால்டிக் கடல் வரைக்கும் போயிருக்கு, இன்னொண்ணு தெக்க தமிழ் வரைக்கும் வந்திருக்கு. ரெண்டு மொழியிலயும் அது கடன் வாங்கின சொல். இதைத்தான் கொஞ்சம் விரிவா எழுதணும்னு ரொம்ப நாளா ஆசை.

முதல்ல ஒரு விஷயத்தை தெளிவா வெச்சுக்கணும். ஐரோப்பாவுல இருக்கறதாலயே ஃபின்னிஷ் ஆங்கிலத்துக்கோ ஸ்வீடிஷுக்கோ சொந்தம் கிடையாது. பக்கத்து வீட்டு ஸ்வீடிஷ், ரஷ்யன், லித்துவேனியன், அப்புறம் நம்ம ஊர் இந்தி, வங்காளி, சிங்களம் எல்லாம் இந்தோ-ஐரோப்பியங்கற ஒரே பெரிய குடும்பம். ஃபின்னிஷ் உராலிக்ங்கற தனி குடும்பம், எஸ்டோனியன், சாமி, ஹங்கேரியன், ரஷ்யாவுக்குள்ள வோல்கா ஆத்தங்கரைப் பக்கம் பேசற எர்ஸ்யா, மாரி, இன்னும் வடக்க கோமி மாதிரி மொழிகள்தான் அதோட உறவு. நம்ம தமிழும் இதே நிலைமையிலதான் இருக்கு இல்லையா, சுத்தி இந்தோ-ஐரோப்பிய மொழிகள் இருந்தும் நாம திராவிடக் குடும்பம். அப்போ ஸத - சதம் ஒத்துமையை வெச்சு ஃபின்னிஷும் தமிழும் சொந்தம்னு சொல்லிட முடியாது, ரெண்டு பேருக்கும் சம்பந்தமே இல்லாத ஒரு மூணாவது ஆள்கிட்ட ரெண்டு பேரும் தனித்தனியா வாங்கியிருக்கோம்னுதான் சொல்லணும்.

அந்த மூணாவது ஆள் யாரு? சமஸ்கிருதம்னு சட்டுனு சொல்லத் தோணும், நெட்ல நிறைய பேர் அப்படித்தான் எழுதறாங்க, ஆனா அது சரியில்ல. தமிழுக்கு சமஸ்கிருதம், பிராகிருதம் வழியா வந்துச்சு, அது சரி. ஃபின்னிஷுக்கு வந்தது அதுக்கும் முந்தின தலைமுறை. சமஸ்கிருதமும் பழைய பாரசீகமும் இன்னும் ரெண்டா பிரியாம ஒரே மொழியா இருந்த காலம் ஒண்ணு உண்டு, அந்த மொழிக்கு ஆய்வாளர்கள் வெச்ச பேரு மூல இந்தோ-ஈரானியம். அதைப் பேசின ஜனங்க அப்போ இந்தியாவுக்கு வரவே இல்ல, உரால் மலைக்கு தெக்க புல்வெளியில ஆடு மாடு குதிரை மேய்ச்சுக்கிட்டு இருந்தாங்க. அவங்களுக்கு வடக்க காட்டுக்குள்ள உராலிக் மொழி பேசறவங்க. இந்த ரெண்டு கூட்டமும் சந்திச்ச இடத்துலதான் ஸத கை மாறியிருக்கு.

சரி, இதெல்லாம் எப்படித் தெரியும்? எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச பகுதி இதுதான். நாலாயிரம் வருஷத்துக்கு முன்னாடி அந்தப் பக்கம் எழுத்தே கிடையாது, யாரும் எதையும் எழுதி வெக்கல. ஆனா ஒரு வார்த்தையோட ஒலியே அதோட பயண டிக்கெட் மாதிரி.

நூறுங்கறதுக்கு இந்தோ-ஐரோப்பிய மொழிகள்ல இருக்கற வார்த்தைகளைப் பாருங்க. லத்தீன்ல கென்டும், பழைய ஜெர்மானிய மொழியான காத்திக்ல ஹுந்த், லித்துவேனியன்ல ஷிம்தஸ். எல்லாத்துலயும் நடுவுல ஒரு மூக்கொலி நிக்குது, ன் அல்லது ம். சமஸ்கிருதத்துல சதம், பழைய ஈரானிய மொழியான அவெஸ்தனில் ஸதம். இந்த ரெண்டுலயும் நடுவுல மூக்கொலி இல்ல (கடைசியில வர்ற ம் வேற, அது விகுதி). அந்த இடத்துல இருந்த மூக்கொலி அகரமா மாறினது இந்தோ-ஈரானியக் கிளையோட அடையாளம். கிரேக்கத்துலயும் அப்படி மாறியிருக்கு, ஆனா அங்க முன்னாடி இருக்கறது ககரம், ஹெகதோன்னு வரும். சகரமும் அதை ஒட்டி அகரமும் வேணும், மூக்கொலியும் இருக்கக்கூடாதுன்னா இந்தோ-ஈரானியம் ஒண்ணுதான் மிஞ்சுது. ஃபின்னிஷ்ல என்ன இருக்கு? ஸத. மூக்கொலி இல்ல. பக்கத்துலயே இருந்த பால்டிக்காரங்க கிட்ட வாங்கியிருந்தா ஷிம்தஸோட ம் எங்கயாவது ஒட்டிக்கிட்டு வந்திருக்கும், ஜெர்மானியர் கிட்ட வாங்கியிருந்தா ஹுந்தோட ன் வந்திருக்கும். ரெண்டும் இல்ல.

இதுக்கு எதிர் உதாரணம் அடுத்த எண்ணுலயே இருக்கு. ஆயிரத்துக்கு ஃபின்னிஷ்ல துஹத். வேற்றுமை உருபு சேத்தா துஹன்னென்னு ஆகும், உள்ள ஒளிஞ்சிருந்த ன் வெளிய வந்துடும், ஏன்னா அது பால்டிக் பக்கம் வாங்கினது, லித்துவேனியன்ல ஆயிரம் தூக்ஸ்தான்திஸ். அதாவது நூறு தென்கிழக்கு புல்வெளியிலேருந்து, ஆயிரம் பால்டிக் கரையிலேருந்து, மில்யோனா (மில்லியன்) பிற்காலத்துல மேற்கு ஐரோப்பாவுலேருந்து. ஒரு ஃபின்லாந்துக் குழந்தை எண்ண எண்ண, யார் யார்கிட்ட அவங்க முன்னோர் பழகினாங்கங்கறது அதே வரிசையில வந்துடுது. ரெண்டுலேருந்து ஆறு வரைக்கும் மட்டும் ஹங்கேரியன் வரைக்கும் உராலிக் உறவு மொழிகள் பலதுலயும் பழைய சொந்தச் சரக்கு, ஃபின்னிஷ் கக்ஸி ஹங்கேரியன்ல கெத்தோ, ஃபின்னிஷ் நெல்யா அங்க நேஜ்.

நம்ம பக்கம் இதே மாதிரி பாத்தா கதை கொஞ்சம் திரும்பி நிக்குது. நூறு நம்ம சொந்த வார்த்தை, கன்னடத்துல நூறு, தெலுங்குல நூறு, மலையாளத்துலயும் நூறு. ஆனா ஆயிரம்? அது சகஸ்ரம்ங்கற சொல்லோட பிராகிருத வடிவத்துலேருந்து வந்ததுன்னு பல மொழியியல்காரங்க சொல்றாங்க, கன்னடத்துல சாவிரன்னு இருக்கறது அந்த இடைப்பட்ட வடிவத்தைக் காட்டுது. அவங்க நூறைக் கடன் வாங்கினாங்க, நாம நூறை வெச்சுக்கிட்டு ஆயிரத்தை வாங்கினோம். அப்புறம் சதத்தையும் வாங்கி தனியா ஒரு வேலைக்கு வெச்சுக்கிட்டோம், சதவீதம், சதாப்தி எக்ஸ்பிரஸ், கிரிக்கெட் சதம்னு. நூறு ரூபாயை யாரும் சத ரூபாய்னு சொல்ல மாட்டோம். ஃபின்னிஷ்ல அப்படி இல்ல, தினமும் கையில புழங்கற வார்த்தையே அதுதான், நூறு யூரோ நோட்டுக்கு ஸதனென்னு செல்லப்பேரு கூட உண்டு.

இன்னொரு சாட்சி ஹங்கேரியன். அதுல நூறுக்கு ஸாஸ். கேட்டா ஸதவுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு தோணும். ஆனா வரிசையா வெச்சுப் பாருங்க. தண்ணிக்கு ஃபின்னிஷ்ல அடிச்சொல் வெதெ, ஹங்கேரியன்ல வீஸ். கைக்கு ஃபின்னிஷ்ல காதெ, அங்க கேஸ். தேனுக்கு மெதெ, அங்க மேஸ். நூறுக்கு ஸத, அங்க ஸாஸ். ஃபின்னிஷ்ல எங்கெல்லாம் நடுவுல த வருதோ அங்கெல்லாம் ஹங்கேரியன்ல ஜ்ஜுக்குப் பக்கத்துல இருக்கற ஒரு அதிர்ற ஸ் வருது, தவறாம. அப்படின்னா இந்தக் கடன் சொல் உள்ள வந்தது அந்த மாற்றம் நடக்கறதுக்கு முன்னாடி, ரெண்டு மொழியோட முன்னோரும் கிட்டத்தட்ட ஒண்ணா இருந்த காலத்துலயே. எர்ஸ்யாவுல ஸ்யாதோ, வடக்கு சாமில ச்சுஒஹ்தி, எல்லாம் அதே வார்த்தையோட பேரப்பிள்ளைங்கதான். சைபீரியாப் பக்கம் போன சமோயெதிக் கிளையில மட்டும் நூறுக்கு வேற சொல்.

உச்சரிப்பு பத்தி ஒண்ணு சொல்லிடறேன். ஸதவுல இருக்கற த "பத்து"ல வர்ற மாதிரி வல்லினமா ஒலிக்கும். ஆனா "நூறோட"ன்னு உருபு சேத்தா அது இளகி "ஸதன்"னு ஆகும், கிட்டத்தட்ட நம்ம "சதம்"ல வர்ற த மாதிரி. தமிழ் எழுத்துல ரெண்டுக்கும் ஒரே த போடறதால வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. ஃபின்னிஷ்ல உருபு சேரும்போது அந்த அசை மெய்யெழுத்துல முடிஞ்சா வல்லினம் இளகும், நமக்கு ரெண்டு உயிருக்கு நடுவுல வந்தாலே இளகும், விதி வேற. எங்கம்மாவுக்கு அன்னிக்கு அது சதம்னே கேட்டதுக்கு போன் ஸ்பீக்கரும் ஒரு காரணமா இருந்திருக்கலாம்.

இப்போ இடமும் காலமும். உரால் மலைக்கு தென்கிழக்க, இன்னிக்கு ரஷ்யாவோட செல்யாபின்ஸ்க் பகுதியில சின்தாஷ்தான்னு ஒரு தொல்லியல் களம் இருக்கு. கி.மு. 2000ஐ ஒட்டின காலம். கோட்டை கட்டின ஊர், செம்பு உருக்கின உலை, குதிரையோட சேத்துப் புதைச்ச கல்லறை, அதுல ஆரக்கால் போட்ட சக்கரத் தேரோட தடம். உலகத்துல இதுவரைக்கும் கிடைச்ச தேர்கள்லயே பழசு அங்க கிடைச்சதுதான். அந்த ஜனங்க பேசினது இந்தோ-ஈரானியமா இருந்திருக்கும்னு பெரும்பாலான ஆய்வாளர்கள் கணிக்கறாங்க. எலும்பும் பானையும் தானா பேசாது, அதனால இது கணிப்புதான், ஆனா வார்த்தைகள் காட்டற திசையும் மண்ணு காட்டற திசையும் ஒண்ணா இருக்கறதுதான் இதோட பலம். உலோகம், கால்நடை, தோல், ரோமம்னு பண்டமாத்து நடந்தா எண்ணித்தானே ஆகணும், பத்து பத்தா எண்ணிப் பழகினவங்களுக்கு பெரிய எண் ஒண்ணு தேவைப்பட்டிருக்கும். நூறு கடன் போனதுக்கு இதுதான் காரணம்னு நான் நினைக்கறேன்.

நூறு தனியாவும் போகல, கூட ஒரு மூட்டையே போயிருக்கு. விஷம். மூலத்துல விஷ. ஃபின்னிஷ்ல பழைய ஷகரம் எல்லாம் ஹகரமா மாறிடுச்சு, வைக்கோலுக்கு லித்துவேனியன்ல ஷியெனஸ், ஃபின்னிஷ்ல ஹெய்னான்னு இருக்கறதுலேருந்தே தெரியும். அதே விதிப்படி விஷ அங்க விஹ ஆச்சு. இன்னிக்கு விஹன்னா வெறுப்பு. "மனசுல விஷத்தை வெச்சுக்கிட்டு பேசறான்"னு நாம சொல்றோமே, அந்த அர்த்தத்துலயே அங்க வார்த்தை உறைஞ்சு போச்சு. பச்சை நிறத்துக்கு அவங்க சொல்ற விஹ்ரேயாவும் காய்கறிக்கு சொல்ற விஹன்னெஸும் கூட இந்த வேர்லேருந்து கிளைச்சதுன்னு சொற்பிறப்பு அகராதிக்காரங்க காட்றாங்க.

வஸர. ஃபின்னிஷ்ல சுத்தியல். நம்ம இந்திரனோட வச்சிராயுதம் இருக்கே அதே வச்சிரம், அவெஸ்தனில் வஸ்ரன்னா கதாயுதம். ஃபின்லாந்தோட பழைய இடி தெய்வம் உக்கோவோட ஆயுதமும் சுத்தியல்தான், உகோன்வஸர. வடக்கயும் தெக்கயும் இடிக்கற தெய்வத்தோட கையிலயே அந்தச் சொல் நிக்குது. பிற்பாடு அங்க அது ஆணி அடிக்கற சாதாரண சுத்தியலா இறங்கிடுச்சு. இங்க வச்சிரம் தச்சர் பட்டறையில மரம் ஒட்டற பசைக்குப் பேராச்சு, எங்க ஊர் ஆசாரி பழைய டப்பாவுல காய்ச்சி வெச்சிருப்பார், அந்த நாத்தம் இன்னும் ஞாபகம் இருக்கு. ரெண்டு ஊர்லயும் தச்சர் கையிலயே போய் உக்காந்த ஒரே சொல்லு.

ஒர்ய. ஃபின்னிஷ்ல அடிமை. இது ஆரியங்கற சொல்லோட பழைய வடிவம்னு பெரும்பாலானோர் ஏத்துக்கறாங்க, சந்தேகப்படறவங்களும் சிலர் உண்டு. சண்டையில பிடிச்சுட்டு வந்த கைதிகளை அவங்க கூட்டத்துப் பேராலயே கூப்பிட்டு அது அடிமைன்னே அர்த்தமாகிடறது நடக்கற விஷயம்தான், ஆங்கிலத்துல அடிமைக்குச் சொல்ற ஸ்லேவ் வந்தது ஸ்லாவ் இனத்தோட பேர்லேருந்து. இங்க ஆரியர்ங்கற வார்த்தையைச் சுத்தி எத்தனை சண்டை நடந்திருக்கு, அங்க அதே வார்த்தைக்கு இப்படி ஒரு கதி. தேரோட்டி வந்தவங்க எல்லா இடத்துலயும் ஜெயிச்சுக்கிட்டே போனாங்கன்னு ஒரு படம் நம்ம மனசுல இருக்கு பாருங்க, வடக்குக் காட்டோரத்துல அவங்க ஆளுங்களே கைதியா போயிருக்காங்கன்னு இந்த ஒரு சொல் சொல்லுது.

தேன் இன்னும் பழசு. ஃபின்னிஷ்ல மெஸி, அடிச்சொல் மெதெ. நம்ம மதுவோட உறவுதான். ஆனா மதுவுல இருக்கற அகரம் இங்க எகரமா இருக்கு. இந்தோ-ஈரானியத்துல எ எல்லாம் அ-வா மாறிடுச்சு, மெதெவுல எ இன்னும் நிக்குதுன்னா, அந்த மாற்றத்துக்கும் முன்னாடியே இது கை மாறியிருக்கணும். ஸதவை விட மூத்த கடன். இன்னிக்கு ஃபின்லாந்துல டப்பாவுல விக்கற தேனுக்கு ஹுனயன்னு பேரு, அது ஜெர்மானியர் பக்கத்துலேருந்து வந்த புதுச் சொல், மெஸி பூவுக்குள்ள இருக்கற தேனாவும் கவிதையிலயும் ஒதுங்கிடுச்சு. எஸ்டோனியாவுல மட்டும் இன்னும் கடைத் தேனே மெஸிதான்.

இப்படி ருசி கண்டுட்டா எல்லா வார்த்தையிலயும் சமஸ்கிருதமோ தமிழோ தெரிய ஆரம்பிச்சுடும், அங்கதான் பிரேக் போடணும். ஃபின்னிஷ்ல எட்டு கஹ்தெக்ஸான், ஒன்பது யுஹ்தெக்ஸான். வால்ல இருக்கற தெக்ஸானைப் பாத்து இது தசம், அதாவது பத்து, "பத்துக்கு ரெண்டு குறைவு, பத்துக்கு ஒண்ணு குறைவு"ன்னு பழைய காலத்து அறிஞர்கள் விளக்கினாங்க. கேக்கவே நல்லாருக்கு. ஆனா இன்னிக்கு பெரும்பாலானோர் அதைக் கைவிட்டுட்டாங்க, அந்த வால் பத்து இல்ல, "இல்லை"ங்கற ஃபின்னிக் வினையோட பழைய வடிவம், ரெண்டு இல்ல, ஒண்ணு இல்லன்னுதான் அர்த்தம்னு உள்நாட்டு இலக்கணத்தை வெச்சே விளக்கம் வந்துடுச்சு. குறைச்சுச் சொல்றதுங்கற யோசனை மட்டும் நிஜம், நம்ம ஒன்பது, தொண்ணூறு, தொள்ளாயிரம் எல்லாம் பத்துக்கும் நூறுக்கும் ஆயிரத்துக்கும் ஒரு படி கீழங்கற அமைப்புல வந்த மாதிரியே. இன்னொண்ணு, ஃபின்னிஷ்ல ஸதான்னு நீட்டினா மழை பெய்யறதுங்கற வினை. அதுக்கும் நூறுக்கும் எந்த உறவும் இல்ல.

தமிழுக்கும் ஃபின்னிஷுக்கும் நேரடிச் சொந்தம் உண்டுன்னு ஒரு காலத்துல பெரிய ஆளுங்களே நம்பினாங்க. கால்டுவெல் 1856ல வந்த ஒப்பிலக்கணத்துல, திராவிட மொழிகளை ஃபின்னிஷ் எல்லாம் அடங்கின சிதியக் கூட்டத்தோட சேத்துப் பாத்தார். ஏன்னு புரிஞ்சுக்க ஒரு ஃபின்னிஷ் வார்த்தை போதும்: தலோயிஸ்ஸம்மெகின். தலோ வீடு, யி கள், ஸ்ஸ இல், ம்மெ நம்ம, கின் உம். நம்ம வீடுகளிலும். உருபு மேல உருபா ஒட்டிக்கிட்டே போற இந்த அழகைப் பாத்தா தமிழ் தெரிஞ்ச யாருக்கும் மனசு துள்ளும். ஆனா அமைப்பு ஒத்துப்போறது வேற, ரத்த சொந்தம் வேற, துருக்கியிலயும் ஜப்பானியத்துலயும் இதே ஒட்டு வேலை இருக்கு. வெதெ - வீஸ், மெதெ - மேஸ் மாதிரி விதி தவறாத வரிசை தமிழுக்கும் ஃபின்னிஷுக்கும் நடுவுல கிடைக்கல, அதனால இன்னிக்கு அந்தக் கொள்கையை பெரும்பாலான மொழியியலாளர்கள் ஏத்துக்கறதில்ல.

நிஜமான பாலம் ஒரு மனுஷர். ஹெல்சின்கி பல்கலைக்கழகத்துல பேராசிரியரா இருந்து ஓய்வு பெற்ற அஸ்கோ பர்போலா. சிந்துவெளி எழுத்துக்குப் பின்னாடி இருக்கறது திராவிட மொழின்னு பல வருஷமா வாதாடினவர், 2010 கோவை செம்மொழி மாநாட்டுல கலைஞர் மு. கருணாநிதி செம்மொழித் தமிழ் விருது வாங்கினவர். நம்மள்ல பல பேருக்கு அவரை அந்த வகையிலதான் தெரியும். ஆனா ஸத, வஸர, ஒர்ய மாதிரி தன் தாய்மொழியில கிடக்கற இந்தோ-ஈரானியச் சொற்களை சின்தாஷ்தா மண்ணோட சேத்து வெச்சு எழுதினவரும் அவரேதான்.

ஃபின்லாந்துல கடன் சொல்லுக்கு லைனஸனன்னு பேரு. ஸன வார்த்தை, லைன கடன். அந்த லைனவே ஜெர்மானியர் கிட்ட வாங்கின கடன். பணத்துக்கு சொல்ற ரஹவும் அங்கேருந்து வந்ததுதான், முதல்ல அதுக்கு அர்த்தம் மிருகத்தோட தோல், அணில் தோலைக் கொடுத்து சரக்கு வாங்கின காலத்து வார்த்தை. தென்மேற்குல போரி, ரௌமா ஊரெல்லாம் இருக்கற மாகாணத்துக்கு ஸதகுன்தன்னு பேரு, பழைய ஸ்வீடன் பக்கத்துல "நூறு"ன்னே பேர் வெச்சு பகுதி பிரிச்ச மாதிரி. 2017ல நாட்டோட சுதந்திரத்துக்கு நூறு வருஷம் ஆனப்ப சுவோமி ஸதன்னு (சுவோமிங்கறது ஃபின்லாந்துக்கு அவங்க மொழியில பேரு) ஊரெல்லாம் எழுதி வெச்சுக் கொண்டாடினாங்க.

அக்கா பொண்ணு இப்போ காசு எண்ணப் பழகறா. அங்க யூரோவுக்கு கீழ சில்லறை சென்த்தி, நூறு சென்த்தி ஒரு யூரோ, அதை "ஸத சென்த்தியா"ன்னு சொல்லணும். சென்த்தி வந்தது லத்தீன் கென்டும்லேருந்து. ஸதவும் கென்டுமும் ஒரே தாய் வயித்துப் பிள்ளைங்கன்னு மேல பாத்தோம், ஒண்ணு நாலாயிரம் வருஷத்துக்கு முன்னாடி புல்வெளி வழியா வந்துச்சு, இன்னொண்ணு மேற்கத்திய வங்கிக் கணக்கோட வந்துச்சு, ரெண்டும் இப்போ அந்தப் பிள்ளையோட உண்டியல்ல ஒண்ணா கிடக்கு. இலங்கையில ரூபாய்க்கு கீழ இருக்கற சில்லறைக்கு தமிழ்ல சதம்னும் சிங்களத்துல சதன்னும் பேரு. எங்கம்மா அன்னிக்கு போனை வெச்சப்புறம் சித்தப்பாகிட்ட ஊர்ல இருக்கற அஞ்சு சென்ட் நிலத்தைப் பத்தி பேசிக்கிட்டிருந்தாங்க, ஏக்கர்ல நூறுல ஒரு பங்கு, அதுவும் இதே கென்டும்தான்.